மருந்துக்கடை முனைக்கு அப்பால்

மெடெயின், சான் ஹவியேர் மேடு
நவம்பர் 28

மாட்ரிட்டில் வாழும் என் மகள் யுலியேத்துக்கு, தாய் ரொசால்பா நலம் விழைந்து எழுதுவது.

உன் மடல் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வருகிறாய் என்ற வரியைப் படித்துக் குதித்தேன். அடுத்த வரியைப் படித்துக் கொதித்தேன். கீழே நகரத்து விடுதியில் தங்குவாயாம்; மேட்டுக்கு ஏற மாட்டாயாம்; நான் இறங்கிவந்து உன்னைப் பார்க்க வேண்டுமாம். வர மாட்டேன்! சுற்றுலா என்று உலகமே ஏறி வருகிறது என் வாசலுக்கு. என் வயிற்றில் பிறந்தவள் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதா?

உன் அச்சத்தை நான் அறியாதவளல்லேன். அன்று மருந்துக்கடை முனைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆயுதக் கும்பல், இந்தப் பக்கம் ஒரு கும்பல். நடுவே கோடில்லை, வேலியில்லை. ஆனால் கடந்தவர் மீளவில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனாய் என்பதற்காக உன்னை மிரட்டினார்கள். பதினாறு வயதில் உன்னை மாட்ரிட்டுச் சித்தியிடம் அனுப்பிய கை இந்தக் கை.

அந்தக் கும்பல்கள் அடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கேள். சென்ற செவ்வாயன்று மாங்காய் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பிட்டு விற்றுக்கொண்டிருந்தேன். நெடிதுயர்ந்த நார்வேக்காரர் ஒருவர் வாங்கித் தின்றபடியே அந்த முனையைத் தாண்டினார். என்னை மறந்து கத்தினேன்: "ஐயோ தம்பி, நில்லு! அங்க போகாத, சுட்டுருவாங்க!" மொழி அறியாத அவரோ, வாழ்த்தி வழியனுப்புகிறேன் என்றெண்ணிக் கையசைத்துவிட்டு நடந்தார். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டையைப் பற்றி இழுத்த பிறகுதான் கண்டேன், நான் நின்றது அந்தப் பக்கம்! இருபது ஆண்டுகளாய் என் கால் படாத தெரு!

அங்கே பாலாடைக்கட்டி உருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள் பபியோலா, உன் வகுப்புத் தோழி எய்டாவின் தாய். "என்னடி ரொசால்பா, இத்தன வருஷம் வழி தெரியலையா? வரதுக்கு ஒரு வெள்ளைக்காரன் சட்டை வேணுமா? விடுடி, கிழிஞ்சுறப் போவுது!" என்றாள். தெருவே சிரித்தது. "நீ மட்டும் எட்டிப் பாத்தியாக்கும்?" என்றேன். "பயம்டி" என்றாள். என்னைப் போலவேதான் அவளும்!

நார்வேக்காரரின் வழிகாட்டிப் பெண் ஓடிவந்து, நடந்ததை அவருக்கு விளக்கினாள். எல்லை எங்கே இருந்தது என்று அவர் கேட்டார். நான் மருந்துக்கடைப் படியைக் காட்டினேன். பபியோலா விளக்குக் கம்பத்தைக் காட்டினாள். இரண்டுக்கும் இடையே பதினைந்து அடி! யாருக்கும் உரிமையில்லாத அந்தப் பதினைந்து அடியில், மகளே, நம் அச்சம் மட்டுமே குடியிருந்திருக்கிறது. அன்று அங்கேதான் நாற்காலி போட்டு அமர்ந்து, நானும் அவளும் மூன்று குவளை காப்பி குடித்தோம். எய்டாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் வாயாடிகளாம்.

விடுதி அறை வேண்டாமென்று சொல்லிவிடு. நீ வந்திறங்கும் சனிக்கிழமை காலை, இப்போது மேட்டுக்கு ஏற்றிவிடும் நகரும் படிக்கட்டின் அடியில் நிற்பேன், அதுவரைதான் இறங்குவேன். வந்ததும் என் கையைப் பற்றிக்கொள். முழங்கால் வலிக்காரியைத் தாங்குகிறாய் என்று ஊரார் நினைக்கட்டும்.

இறைவனும் அன்னை மரியாளும் என் மகளை வீடுவரை காப்பார்களாக.

உன்னை அனுப்பிய நாள்முதல் காத்திருக்கும்
உன் தாய் ரொசால்பா