பலகையைத் தாங்கிய முட்டுக்கால்

பின்னறையில் தச்சு வேலைக்கு வந்த ஓடாவியார் ஜிப்சம் சீலிங் பலகை அறுக்கிறார். அந்த வெள்ளைத் தூளின் சுண்ணாம்பு மணம் அடுப்படிவரை வந்துவிட்டது. காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஊற்றிய தேநீர் ஆறிக் கிடக்கிறது. முற்றத்தை இரண்டு தடவை கூட்டிவிட்டேன். வேறு வழி தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் போய்ப் பத்து மாதம். இது நாம் தொடங்கிய வேலை. நாவற்குடா வெக்கையில் தகரத்துக்குக் கீழே படுக்க முடியாமல், "ஆள் பிடிக்கத் தேவையில்ல, நாமளே அடிப்பம்" என்றீர்கள். முன்னறையில் ஒரு நுனியை நானும் மறுநுனியை நீங்களும் தலைக்கு மேலே பிடித்தோம். ஒற்றைக் கையால் நீங்கள் ஆணி முடுக்குவதற்குள் என் கை தளர்ந்து, பலகை சரிந்து, உங்கள் தலையில் பட்டு உடைந்தது. வெள்ளைத் தலையோடு நின்று சிரித்தீர்கள். எனக்கோ அழுகை வந்தது.

அன்று பின்னேரம்தான் முட்டுக்கால் யோசனையைச் சொன்னேன். நிலத்திலிருந்து கூரைச் சட்டம்வரை அளந்து மரம் அறுத்தோம். தலைப்பில் குறுக்கே ஒரு துண்டை அடித்து, பலகை கீறுப்படாமல் நீங்கள் உடுத்திய பழைய சாரத்தைச் சுற்றினோம். இப்படி இரண்டு.

"என்னகா இது, காவடியா?"

"பகிடி பண்ணாமப் பிடிங்க."

மறுநாள் இருவருமாகப் பலகையை ஏற்றினோம். முட்டுக்காலைச் சரித்து வைத்து, அடியை மெல்லத் தட்டினேன். அது நிமிர நிமிரப் பலகை மேலே போய் இறுகி நின்றது. கையை எடுத்துவிட்டு இருவரும் அண்ணாந்து பார்த்தோம். "இனி நீ மேசன், நான் கையாள்" என்றீர்கள்.

பொழுதுபடும்போது இடது கையைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"கை உளையுது. நாளைக்குச் சும்மா இருப்பமா?"

"பலகை தூக்கின கைதானே, உளையாதா? எண்ணெய் பூசிவிடுறன். இன்னும் ஒரு அறைதானே இரிக்கு."

விடிய நீங்கள் எழும்பவில்லை. ஆசுபத்திரியில் மாரடைப்பு என்ற டொக்டர் என்னிடம் முதலில் கேட்டதே, "கை நோகுது எண்டு சொன்னவரா?" என்றுதான்.

அன்று பலகையைத் தாங்கி நின்றது முட்டுக்கால். ஏற்றும்போதும் இரண்டு கையாலும்தான் ஏற்றினீர்கள். பிறகு ஒரு கை மட்டும் ஏன் உளைய வேண்டும்? முட்டுக்காலைச் செய்வித்தவளே நான். எனக்கு அது தோன்றவில்லை. பத்து மாதமாக இந்த வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இதைத்தான் கேட்கிறேன்.

நேற்று ஓடாவியார் ஏணியிலிருந்து இறங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

"நானா, எந்தக் கை?" அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"இடது. ஒண்டுமில்ல தங்கச்சி, வேலை செஞ்ச நோவு."

"எழும்புங்க. ஆசுபத்திரிக்குப் போவம்."

அவர் மறுக்க மறுக்க ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். எல்லாம் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியெல்லாம், "அரைநாள் வேலை போச்சே தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"போகட்டும் நானா."

எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. இனி யார் கை நோகிறது என்றாலும், எந்தக் கை என்று கேட்காமல் என்னால் விட முடியாது.