கரையை மொட்டையடித்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கோபம் முந்திக்கொண்டது. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

ஓடைக்கரையில் நீ வைத்த கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அது ஓடைக்குள் கிடக்கிறது, ராசா. கம்பத்தோடு! போன வாரம் பெய்த மழையில் கரை பொலபொலவென்று சரிந்து அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா வீட்டின் பின்பக்கத்தை நீ இருக்கிற ஊரிலிருந்தே பார்க்க வேண்டும், மரமும் நாணலும் மறைக்கின்றன என்றுதானே ஒப்பந்தக்காரரை விட்டு வெட்டச் சொன்னாய்? பக்கத்திலேயே இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வெட்டி முடித்த அன்று கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இப்பதான் இடம் பளிச்சுன்னு இருக்கு" என்றாய்.

அந்தப் புதர் சும்மா மண்டிக் கிடந்தது என்று நினைத்தாயா? கரையைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதன் வேர்தான். மேட்டு வயலிலிருந்து வழிகிற சேற்றையும் உரத் தண்ணீரையும் நாணல்தான் தடுத்து வைத்திருந்தது. இப்போது எல்லாம் நேராக ஓடைக்குள் வருகிறது. என் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் சல்லடை அடைத்து அடைத்து உயிரை வாங்குகிறது. இடுப்பளவு சேற்றில் நின்று அதைக் கழுவுவது நீயா, நானா? நிழல் போனதால் மத்தியானத்தில் தண்ணீர் சுடுகிறது. பாசி படர்ந்து நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. வேர் இடுக்கில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த மீன்குஞ்சுகளைக் கண்ணாலேயே காணோம்.

இத்தனையும் அந்த ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். "அக்கா, மிச்சத்தையும் வெட்டச் சொல்லி உங்க தம்பி சொல்லிட்டாரு. அவரோ உங்க அப்பாவோ வேணாம்னா நிறுத்துறேன், நீங்க சொல்லி நான் கேக்க முடியாது" என்கிறார். மிச்சம் எது தெரியுமா? அப்பா படுக்கிற அறைக்கு நேர் பின்னால் நிற்கிற நாலு மரம். அவையும் போனால் அடுத்த பெருமழைக்கு அந்தச் சுவர் தாங்காது. மாதக் கடைசியில் மரம் அறுக்க ஆள் வருகிறது.

அப்பாவிடம் போய்க் கத்தினேன். வீடு அவருடையது, அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை நின்றுவிடும். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். முன்னறைக்காவது வந்து படுங்கள் என்றேன், அதற்கும் மசியவில்லை. கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேணாம்னு சொன்னா அவன் கோவிச்சுக்குவாம்மா. வாரத்துக்கு ஒரு தடவை பேசுறான். அதுவும் நின்னுடும்" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல். வெட்டிய இடத்தில் நாணலை நானே நட்டுக்கொள்கிறேன். பிறகு அப்பாவைக் கூப்பிடு. மரத்தைப் பற்றிப் பேசாதே, நான் எழுதியதையும் சொல்லாதே. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று மட்டும் கேள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் போனை வைக்காதே.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், நல்லபடியாக இரு.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அக்கா