கணக்கில் வராத குசினி

அக். 7, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. சு. 8.1. (டாக்டர் சர்க்கரையை எழுதி வைக்கச் சொன்னதில் ஆரம்பித்த கொப்பி இது. தோட்டத்துப் பள்ளியில் இரண்டு வருசம் படித்த எழுத்து. எனக்குப் புரிந்தால் போதும்.)

குசினிக் கூரையில், அடுப்புக்கு மேலே, ஒழுகல். வாளி வைத்தேன். ஏணியை எடுத்தேன். மகள் செல்வி பிடுங்கி ஒளித்துவிட்டாள்.

"வேலுவர் வந்துட்டுப் போற வரைக்கும் ஒண்ணுலயும் கை வைக்காதீங்கப்பா. வீடு அழகா இருந்தா விலை ஏறும். விலை ஏறினா பெரியம்மா பங்கும் ஏறும்லா."

வேலுவர் என்றால் பாங்குக்காக வீட்டு விலையை மதிக்க வருகிற ஆள். வீட்டில் பாதி என் பேர், பாதி அண்ணன் பேர். அண்ணன் போன பிறகு அது அண்ணிக்கு. செல்வி கடன் எடுத்து அந்தப் பாதியை வாங்கப் போகிறாள். அப்புறம் அவள் சேமிப்பில் வீட்டு வேலை. குளிர்பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறாள்:
போர்ச் கூரை (கார் நிற்க)
கேட்
பாத்ரூம் டைல்
நாளைக்கு விற்றால் இதெல்லாம்தான் விலையைத் தூக்குமாம். விற்கப் போகிறோமா? "சும்மா சொல்றேன்பா."

அண்ணி தாப்பாவில், மாடி வாடகை வீட்டில். முட்டி வலி. கீழ்வீடு ஒன்று விலைக்கு வருகிறது. இந்தப் பங்குப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

அக். 8, புதன்
சு. 8.8. நேற்றுத் தின்ற மீகோரெங் நூடுல்ஸ்.
தீபாவளி நெருக்கம். எங்கள் சிலிபின் வட்டாரம் முழுக்கப் பெயிண்ட் வாசனை. நம் வீடு மட்டும் பாசி பிடித்து. எதிர்வீட்டு மணியம் ரோட்டிலிருந்தே கத்துகிறான்: "என்னாண்ணே, யாரும் தவறிட்டாங்களா? இந்த வருசம் தீபாவளி இல்லையா?"
நீல டின் வாங்கி வைத்தது படிக்கட்டுக்குக் கீழே. திறக்கக் கூடாது. உட்கார முடியவில்லை. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினேன்.

அக். 9, வியாழன்
வேலுவர் வந்தாள். மலாய்ப் பெண், மரியாதையானவள். சுவரில் சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தாள். குசினி வாசலில் நின்றுவிட்டாள்.
"பிளான் அடா, பாக்சிக்?" பிளான் இருக்கிறதா மாமா என்று கேட்டாள்.
பிளான் இல்லை. நகர மன்றம் ஒப்புக்கொண்ட பிளான் இல்லாமல் பின்னால் இழுத்துக் கட்டியது கணக்கில் வராதாம். பாங்குக்கு வீடு குசினி வாசலோடு முடிந்தது.
அவள் போனதும் செல்வி முகத்தில் சிரிப்பு. "நல்லதுதானேப்பா. பங்கு குறையும்."
இல்லாத குசினியில் மழை ஒழுகியது. வாளியைக் கொட்டிவிட்டு வைத்தேன்.

நாங்கள் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது கைக்கு வந்த காசை மற்றவர்கள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போட்டார்கள். அண்ணன் குசினியில் போட்டார். ஞாயிறு ஞாயிறாகக் கட்டினோம். முதல் கல் வடக்கு மூலையில். அண்ணி சிமெண்ட் குழைத்தார். விரலெல்லாம் வெந்து, ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டார்.

அக். 11, சனி
சு. பார்க்கவில்லை. அண்ணி போன்.
"தம்பி, அளந்துட்டாங்களா?"
"அளந்துட்டாங்க அண்ணி."
"அந்த அடுப்பு மேடை அப்படியேதான் இருக்கா? உங்க அண்ணன் அவரு உயரத்துக்குக் கட்டிட்டாரு. சமைக்கப் போறது நானா நீங்களான்னு கேட்டதுக்கு, நீ வளந்துடுவேன்னாரு." சிரிப்பு. அப்புறம், "எவ்வளவுன்னாலும் சரி தம்பி. நீங்க பாத்துச் சொல்லுங்க."
நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கோயில் வரை நடந்தேன். உள்ளே போகாமல் திரும்பினேன்.

அக். 12, ஞாயிறு
வெயில். செல்வி மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு வளையவில்லை. அவள் பெரியப்பா உயரம். இத்தனை வருசம் கவனித்ததில்லை.
"இந்தக் குசினிக்கும் பாதிப் பணம் குடுக்கலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா."
"பாங்கு குசினியே இல்லங்குது. இல்லாததுக்கு எவன்பா கடன் குடுப்பான்?"
"அப்ப நீ எங்க நின்னு வெங்காயம் வெட்டுற?"
கத்தியை வைத்தாள். "என் காசுதான் போவும். போர்ச் போயிடும். கேட்டும்தான்."
"போவட்டும். காரு வெயில்ல கிடந்தா செத்தா போயிடும்?"
மத்தியானம் வரை வாசலைக் கூட்டினேன். பிறகு பார்த்தால் குளிர்பெட்டியில் போர்ச், கேட் இரண்டையும் கோடு போட்டு அடித்திருந்தாள். கீழே புதிதாக: பிளான் போடும் ஆள். பெரியம்மா, குசினிப் பாதி.
ஏணி பழைய இடத்தில்.

அக். 14, செவ்வாய்
சு. 7.9. ஒழுகலை நேற்றே அடைத்தாயிற்று. பிளான் போடும் ஆள் வந்து அளந்தான். மன்றம் ஒப்புக்கொள்ள மாசக்கணக்காகுமாம். குசினிக்கு ஒரு விலை சொன்னான். அதில் பாதியைக் கையெழுத்தன்றே அண்ணிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் செல்வி. அன்றே என்று நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

அண்ணிக்குப் போன். நீலம் வாங்கியிருக்கிறேன், அடிக்கலாமா என்றேன்.
"உங்க வீடு தம்பி. என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"
"கையெழுத்து ஆவுற வரைக்கும் பாதி உங்களோடது அண்ணி. குசினியும் சேத்துத்தான்."
"அப்ப மஞ்ச அடிங்க தம்பி."
நீல டின்னைக் கடைக்காரன் மாற்றிக் கொடுப்பானா தெரியவில்லை. மழை விட்டதும் போக வேண்டும்.