வண்டியை நிறுத்தும் உரிமை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பொக்லைன் ஓட்டவில்லை. பாதுகாப்புப் பயிற்சி என்று ஆபரேட்டர்கள் எல்லோரையும் தகரக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டார்கள். வெளியூர்ப் பயிற்சியாளர் நல்ல மனுஷன்தான், குரல் மட்டும் தாலாட்டு. கிரேன்காரர் முதல் வரிசையிலேயே குறட்டை.

கடைசியில் ஒன்று சொன்னார். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் வேலையை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முதலில் கைதட்டியது சைட் சூப்பர்வைசர். என் மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நானும் பலமாகத் தட்டினேன்.

மார்ச் 5

எல்லோருக்கும் பேட்ஜ். ‘என் பாதுகாப்பு என் கையில்.’ ஊசி குத்தி விரலில் ரத்தம்.

மார்ச் 7, வெள்ளி

நிறுத்திவிட்டேன்.

ராத்திரி பெய்த மழையில் அஸ்திவாரக் குழியின் ஓரம் ஊறிக் கிடந்தது. காலையில் மயிரிழை மாதிரி இருந்த விரிசலில் மதியம் விரல் நுழைந்தது. கீழே கம்பி கட்டும் புருஷனும் பெண்டாட்டியும். மேலே நானும் என் வண்டியும். இன்ஜினை அணைத்து இறங்கி, அவர்களையும் மேலே வரச் சொன்னேன்.

மச்சான் ஓடி வந்தார். வழக்கமாக வாய் நிறைய ‘மாப்பிள்ளை’ என்பவர்.

“யாரைக் கேட்டு நிறுத்தின?”

“யாரையும் கேக்க வேண்டாம்னு சொன்னாங்களே.”

“அது வகுப்புல சொல்றதுடா. கான்கிரீட் லாரி வாசல்ல நிக்குது. ஏறு.”

ஏறவில்லை. மச்சான் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக் கிரேன்காரரிடம் நீட்டினார். அவருக்குத் திடீரென்று இடுப்பு வலி. கம்பி கட்டுகிறவர்களும் இறங்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி போன் வழியாக வந்துவிட்டது. “ஊர்ல இருக்கிற ஆபத்தெல்லாம் உங்க கண்ணுலதான் படுமா?” என்றாள் மனைவி.

நான் பண்ணினது தப்பா? அது இடியாமலே இருந்துட்டா என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது? — அட, இடியணும்னா வேண்டிக்கிறேன் நான்?

மார்ச் 8

இடிந்தது. காலையில், ஆள் இறங்குவதற்கு முன்பே. வண்டி குழிக்குள் மல்லாந்து கிடக்கிறது. கம்பி கட்டுகிற அம்மா புருஷன் கையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். “மாப்பிள்ளை” என்றார்.

மார்ச் 10

ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இடிந்ததற்கு அல்ல. வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு நான் ஏன் இறங்கினேன் என்று.

மார்ச் 19, புதன்

உயிர்ச்சேதம் இல்லாத சைட் என்று மச்சானுக்குக் கேடயம். “ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து வேலையை நிறுத்தினோம்” என்று மேடையில் பேசினார். நிறுத்தினோமாம். “உங்களையும் சேர்த்துத்தானே சொன்னாரு” என்கிறாள் மனைவி.

எனக்கும் கிடைத்தது, பதவி உயர்வு. இவ்வளவு பொறுப்பான ஆளை வண்டியில் வீணாக்கக் கூடாதாம். இனி நான் பாதுகாப்புப் பயிற்சியாளர்.

ஏப்ரல் 2, புதன்

முதல் வகுப்பு. ஆபத்து என்றால் யாரெல்லாம் வண்டியை நிறுத்துவீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கையும் உயர்ந்தது. புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் மட்டும் தூக்கம்.

“இதுக்கு முன்னாடி நிறுத்தினவருக்கு மறுபடி வண்டி குடுத்தாங்களா?” என்றார் ஒருவர்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. “இல்ல. வகுப்பு குடுத்தாங்க” என்றேன். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

மதியம் குழிப் பக்கம் இன்ஜின் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வகுப்பில் தூங்கியவர்தான், வண்டியை விட்டு இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மச்சான் அவரை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

கொட்டகையில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்தேன்.