ரப்பர் விரிப்பு

மார்ச் 4
சிறை மருத்துவப் பிரிவுக்கு ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருவர் வந்தார். பத்து வருடப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினால், அடுத்து எந்தக் கைதிக்கு என்ன ஆகும் என்று செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லுமாம். தட்டச்சு வேலை என் தலையில். நர்ஸ் வேலை போதாதென்று இது வேறு.

மார்ச் 9
பாதிப் பக்கங்கள் என் கையெழுத்துதான். விலா முறிவு — குளியலறையில் வழுக்கி விழுந்தார். செவிப்பறை கிழிசல் — வழுக்கி விழுந்தார். உள்ளங்காலில் பிரம்புத் தடிப்பு — அதற்கும் அதேதான். உள்ளங்காலில் எவன் விழுவான்? தலைமைக் காவலர் என் அண்ணன்; கைதிகளுக்கு 'பெரியவர்'. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

மார்ச் 17
முடிவு வந்துவிட்டது. இங்கே மிக ஆபத்தான இடம் குளியலறையாம். அடுத்து விழப்போகிறவர்களில் முதலிடம் ஒட்டகத்துக்கு. அந்த நெட்டைக் கைதியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஏற்கெனவே ஆறு முறை 'விழுந்தவன்'. தரை முழுக்க ரப்பர் விரிப்பு போடச் சொல்கிறது கணினி.
அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "மெஷினும் நம்ம பக்கம்தான்டா!" நானும் சிரித்தேன். த்தூ.

மார்ச் 20
விரிப்பு போட்டாயிற்று.

மார்ச் 23
ஒட்டகத்தைப் போர்வையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். தாடை தொங்கியது. வாயெல்லாம் ரத்தமும் உடைந்த பல்லும். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. என் சட்டையைப் பிடித்தான்.
"பெரியவர்தான் சார்... விழுந்தேன்னு மட்டும் எழுதாதீங்க."
ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் சட்டையை விடுவித்தேன்.
அண்ணன் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "விரிப்பு இருக்கே, குளியலறைன்னா நம்ப மாட்டாங்க. படிக்கட்டுன்னு எழுது."
நான் எழுதினதத்தானே அந்த மெஷின் படிச்சுது? என் பொய்யத்தானே எனக்கே திருப்பிச் சொல்லுச்சு? கொன்னது அவரு மட்டுமா?

மார்ச் 24
எழுதினேன்: "தலைமைக் காவலர் அடித்ததில் இறந்தார்." பழைய பதிவுகளிலும் நினைவில் இருந்தவற்றையெல்லாம் திருத்தி ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் கொடுத்தேன்.
"அப்போ இதுவரைக்கும் இருந்தது?"
"பொய்ம்மா. நான் எழுதினது."
அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக நீதிமன்றம் போனார்.

மார்ச் 26
வெளி மருத்துவமனை. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மூன்று இடத்தில் முறிவு. காலையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்திருந்தார்.
பதிவு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள்: "எப்படி ஆச்சு? வழுக்கி விழுந்தீங்களா?"
"இல்லம்மா. எங்க அண்ணன் அடிச்சாரு. அப்படியே எழுதும்மா."
எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.