மறுபரிசீலனையில் இருந்த டப்பா

மார்ச் 4
காலை ஷிப்ட். பஸ் பிரேக் முனகியது, நானும்தான். வீட்டுக்கு வந்தால் ரசாயன வாரியத்திலிருந்து கடிதம். பெயின்ட் உரிக்கிற அந்தத் திரவத்துக்கு எப்போதோ கொடுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்கிறார்களாம். பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வந்து மூன்று நிமிடம் பேசலாமாம்.

"நீங்க பேசிடுவீங்களா?" என்றாள் மனைவி. நாள் முழுக்க வாய் ஓயாத டிரைவரிடம் கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 9
எழுதி வைத்துப் பழகினேன். ஒட்டடை — ஒட்டடைக்குச்சி உயரத்துக்காக மகனுக்கு நான் வைத்த பெயர் — ஒரு வீட்டில் குளியல் தொட்டியின் பழைய பெயின்டை உரிக்கப் போனான். நாற்றம் வீட்டுக்காரர்களுக்குப் போகக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டான். அங்கே ஜன்னல் கிடையாது. சாயங்காலம்தான் கதவை உடைத்தார்கள்.

இதுவரை படிக்க வருகிறது. இதற்கு மேல் வரவில்லை; தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 17
வாரியத்தில் கம்பெனி வக்கீல் முதலில் பேசினார். "காற்றோட்டமான இடத்துல பயன்படுத்தணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கோம்." போட்டிருக்கிறார்கள், எறும்பு சைஸில்.

என் முறை. பயந்தால் எனக்கு நக்கல்தான் வரும். "பஸ் ஓட்டுற என் கண்ணை வருஷா வருஷம் டெஸ்ட் பண்றீங்க. இந்த டப்பாவை ஒருதடவை பாஸ் பண்ணிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கலை. அதுக்கு யாருங்க சிபாரிசு?"

எல்லாரும் சிரித்தார்கள், தலைவர் அம்மாகூட. அப்புறம் அவனைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன்.

மார்ச் 18
பெத்த புள்ள செத்ததைச் சொல்லப் போன இடத்துல எவனாவது சிரிக்க வைப்பானா?

ஜூலை 2
முடிவு வந்தது. அனுமதி ரத்து. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் மனைவி. அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன்: கடைகளில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை ஒரு வருஷம்வரை விற்கலாம்.

அதை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை.

ஜூலை 11
முக்குக் கடை வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். தள்ளுபடி. அதே டப்பா.

"இனிமே இது வராதுண்ணே," என்றார் கடைக்காரர். "ரெண்டா எடுத்து வச்சுக்கங்க."

"இருக்கிறது எல்லாத்தையும் போடுங்க."

"பெரிய வேலையாண்ணே?"

"ஆமா."

ஊரெல்லாம் கடை இருக்கிறது, தெரியும். நான் என்ன கிறுக்கனா? கிறுக்கன்தான்.

வீட்டில் இவள் டப்பாக்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக வாங்கிப் போய் ஒட்டடையின் அறையில் அடுக்கினாள். ஜன்னலை முழுசாகத் திறந்து கொக்கியை மாட்டினாள்.

"கதவையும் சாத்தாதீங்க," என்றாள்.