பேசாமல் நடந்த ஒன்றாம் வகுப்பு

இன்று காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அதிமதுர வாசனை. ஜூன் மாதம் வந்து சேர்ந்த இளம் டீச்சர் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, தொண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு அவளுக்கு. "கத்திக் கத்தித் தொண்டத் தண்ணி வத்திப் போச்சுங்க டீச்சர்" என்று பாதி காற்றும் பாதி குரலுமாகச் சொன்னாள். வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, முதல் பாடவேளை முழுக்க அவள் பிள்ளைகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன், வாயைத் திறக்காமல் உட்கார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வராந்தாவில் நடக்கும்போது, டீச்சர், உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ஒரு வருஷம் பூராவும் உங்கள் முந்தானையில் அந்த வாசனைதான் இருந்தது.

அதற்கு முன்னால் உங்கள் குரல் ஊருக்கே தெரியும். பழைய ஓட்டுக் கட்டடத்தின் நீளமான அறையில், நடுவில் இரண்டு பீரோக்களை நிறுத்தி, இந்தப் பக்கம் என் இரண்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் உங்கள் ஒன்றாம் வகுப்பு. பள்ளியைச் சுற்றி விசைத்தறிப் பட்டறைகள். கரண்டு இருக்கும் வரைக்கும் தறிச் சத்தம் நிற்காது. அதையும் தாண்டி, பிள்ளைகளின் கூச்சலையும் தாண்டிப் பேச வேண்டும். நீங்கள் அந்தப் பக்கம் "கையக் கட்டு!" என்று ஓர் அதட்டுப் போட்டால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொள்வார்கள். "உங்க புண்ணியத்துல என்ற வேலை பாதி மிச்சமுங்க டீச்சர்" என்பேன். நீங்கள் பீரோ ஓரமாக எட்டிப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அந்தக் குரல் ஒரு நாள் கரகரத்தது. பிறகு உடைந்தது. ஈரோட்டில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று சொல்லிவிட்டார். எத்தனை மாதம் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உங்கள் விடுப்பெல்லாம் மாமியார் படுக்கையில் கிடந்தபோதே தீர்ந்திருந்தது. மறுநாள் காலை கழுத்தில் ஒரு சிலேட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து நின்றீர்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் எழுதிக் காட்டினீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் வகுப்பில் ஒருவருக்கும் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாதே என்று நான் கேட்டதும், சிலேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

முதல் நாள் மோசமாகப் போயிற்று. டீச்சருக்குப் பேச்சு வராது என்பதைப் பிள்ளைகள் காலை இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் ஜன்னல் கம்பியில் ஏறி நின்றான். இரண்டு பேர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். பயந்த பிள்ளைகள் அழுதன. நீங்கள் அடிக்குச்சியால் மேசையைத் தட்டினீர்கள். தட்டத் தட்டக் கூச்சல்தான் கூடியது. நான் பீரோவைச் சுற்றி ஓடி வந்து ஓர் அதட்டுப் போட்டேன். அடங்கினார்கள். நான் இந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடியும் ஆரம்பம். நீங்கள் குச்சியை மேசை மேல் வைத்துவிட்டு, பீரோவைப் பிடித்தபடி நின்றீர்கள். கண் கலங்கியிருந்தது.

"ரண்டு வகுப்பையும் நானே சேத்து வெச்சுக்கறனுங்க டீச்சர். நீங்க சம்பளமில்லாத லீவாச்சும் போட்டுட்டுத் தொண்டயப் பாருங்க" என்றேன்.

தலைமை ஆசிரியரும் அதையேதான் நினைத்திருந்தார். நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். சிலேட்டில், 'இந்த வாரம் மட்டும் பார்க்கிறேன்' என்று எழுதினீர்கள்.

அன்று மதிய உணவு நேரத்தில்தான் அது நடந்தது. மைதானத்தில் பள்ளி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுகிறது. கேட்டுக்கு வெளியே ஒரு தறிக்காரப் பெண், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி, மகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றாள். கூப்பிடவே இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கி, மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருந்த உங்கள் வகுப்புப் பெண் பிள்ளை சட்டென்று நின்றது. அம்மா இரண்டு விரலை மடக்கிக் காட்டியதும் ஓடி வந்தது.

நீங்கள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாம்பார் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சிலேட்டில் அவசர அவசரமாக எழுதினீர்கள்: 'எங்கம்மாவும் தறிதான். பட்டறைக்குள்ளே யாரும் பேச மாட்டார்கள்.'

பட்டறைக்குள் பேசினால் பக்கத்துத் தறிக்காரருக்கே கேட்காது. தறியை நிறுத்து, நூல் அறுந்துவிட்டது, இங்கே வா, தண்ணீர் வேண்டும், முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் கைதான். நம் பிள்ளைகள் தறியோரம் தொட்டில் கட்டி வளர்ந்தவர்கள். பேச்சு வருவதற்கு முன்பே அந்தச் சைகைகளைப் பார்த்தவர்கள். அவர்களிடம் போய்ச் சிலேட்டைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து நீங்கள் பாடத்தைத் தொடவே இல்லை. காலையில் வாசலில் நின்றீர்கள். உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, செருப்பைச் சுவரோரம் ஜோடியாக விடுவது, பையை ஆணியில் மாட்டுவது, பாட்டிலை மூலையில் வைப்பது, பாயில் போய்த் தன் இடத்தில் உட்காருவது, இவ்வளவையும் நீங்களே செய்து காட்டினீர்கள். தப்பாகச் செய்த பிள்ளையைத் திட்டவில்லை. திரும்ப வாசலுக்கு அழைத்துப் போய் மறுபடி முதலிலிருந்து வர வைத்தீர்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. சிலர் வேண்டுமென்றே தப்பாகச் செய்துவிட்டுத் தாங்களே வாசலுக்கு ஓடினார்கள். மணிக்கட்டைச் சுற்றினால் கை வேலையைப் போட்டுவிட்டு என்னைப் பார். காதைத் தொட்டால் கேள். உள்ளங்கையை மெல்ல இறக்கினால் சத்தத்தைக் குறை. நோட்டுக் கொடுப்பது, வாங்குவது, வரிசையில் கை கழுவப் போவது, எல்லாவற்றையும் அந்த வாரம் முழுக்கப் பழக்கினீர்கள்.

தலைமை ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. "பாடம் எப்பத்தான் டீச்சர் ஆரம்பிப்பீங்க? ஆபீசர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

நீங்கள் எழுதினீர்கள்: 'இது படியாமல் அது ஏறாது சார்.'

அவர் படித்துவிட்டுப் போனார். ஆனால் அதற்குள் விஷயம் வெளியே பரவிவிட்டது. பேச முடியாத டீச்சர் ஒன்றாம் வகுப்பு நடத்துகிறாளாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஒரு காலையில், வேன் ஓட்டும் ஒரு தகப்பன் மகனின் டி.சி.யைக் கேட்டு வந்து நின்றார்.

"ஏனுங்க சார், வாயே தொறக்காத டீச்சருகிட்ட என்ற பையன் என்னத்தைங்க படிப்பான்? நான்தான் படிக்காமப் போயிட்டேன். அவனையாச்சும் இங்கிலீசு பள்ளிக்கொடத்துல உட்டர்றனுங்க."

ஒருவர் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். தலைமை ஆசிரியருக்கு அது தெரியும். உங்களை வகுப்பிலிருந்து எடுத்துவிட அவருக்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. என்றாலும் அவர் நல்ல மனிதர். "ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்பறமாக் கேளுங்க" என்று அந்தத் தகப்பனை ஜன்னல் பக்கம் கூட்டி வந்தார். நான் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்திலிருந்து எனக்கு ஜன்னலும் தெரிந்தது, பீரோ இடுக்கு வழியாக உங்கள் வகுப்பும் தெரிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பிள்ளை, காலையில் சாப்பிட்ட உப்புமா முழுவதையும் பாயிலேயே வாந்தி எடுத்துவிட்டது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒன்று அழும், ஒன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தும், பார்த்துப் பார்த்து இன்னும் இரண்டு வாந்தி எடுக்கும். உங்கள் பக்கம் ஓடி வரலாமா என்று காலெடுத்தேன். அதற்குள் நீங்கள் கையைத் தூக்கி மணிக்கட்டைச் சுற்றியிருந்தீர்கள். அத்தனை முகமும் உங்கள் பக்கம் திரும்பியது. நீங்கள் கையை வலப்பக்கம் நகர்த்தியதும், பிள்ளைகள் உட்கார்ந்தபடியே பாயோடு பாயாக நகர்ந்தார்கள். இருவர் எழுந்து ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்தார்கள். ஒருத்தி செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். ஒருவன், நீங்கள் இதற்கென்றே பழக்கி வைத்திருந்தபடி, வாசல் வாளியில் இருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வந்து வாந்தியின் மேல் தூவிவிட்டு, மறுபடியும் போய் அள்ளி வந்தான். நீங்கள் அந்தப் பிள்ளையை மடியில் சாய்த்து, முந்தானையை நனைத்து வாயைத் துடைத்துவிட்டீர்கள். அது அழக்கூட இல்லை. வெட்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தது. வெளியே தறி ஓடும் சத்தம் மட்டும்தான்.

மண் அள்ளி வந்தவன் அந்த வேன்காரரின் மகன்.

ஜன்னலுக்கு வெளியே தலைமை ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். "ஊட்டுல இப்படி எந்திரிச்சு வேலை செய்வானுங்களா?"

"எங்கீங்க சார், தின்ன தட்டை எடுத்து வெக்கச் சொன்னாலே அவங்கம்மாகூட மல்லுக்கு நிப்பான்."

வேன்காரர் மகனையே பார்த்தார். "இருக்கட்டுமுங்க. பொழுதோட வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டி.சி. பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. தலைமை ஆசிரியரும் வகுப்புகளைச் சேர்க்கும் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி போய், தீபாவளி போய், பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோதுதான் டாக்டர் உங்களைப் பேச விட்டார். அன்று காலை நான் என் வகுப்பைச் சும்மா உட்கார வைத்துவிட்டுப் பீரோ ஓரம் வந்து நின்றுகொண்டேன். நீங்கள் வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டீர்கள். பழைய குரல் இல்லை. தணிந்து, கொஞ்சம் ஆண்குரல் போல இருந்தது. பெயருக்கு உரியவள் எழுந்திருக்கவில்லை. வாயைப் பிளந்து உங்களையே பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "டீச்சர், நீங்க பேசுவீங்களா?"

"பேசுவன் சாமி."

"என்ற பேரும் சொல்லுங்க டீச்சர்."

"என்ற பேரு, என்ற பேரு" என்று பாயிலிருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் பழக்கி வைத்த ஒழுங்கெல்லாம் அந்த ஒரு காலையில் காற்றில் பறந்தது. நீங்கள் கையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பிடித்துப் பெயரைச் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல உங்களுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும், பிள்ளைகள் வெளியே போகும் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தீர்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்பினீர்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "மத்ததுக்கெல்லாம் கையே போதுமுங்க டீச்சர். பேரு சொல்லத்தான் வாய் வேணும்."

அதற்குப் பிறகு நீங்கள் கத்தி நான் கேட்டதில்லை. அங்கே அமைதியாக இருக்க இருக்க, இந்தப் பக்கம் நானும் குரலை இறக்க வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்தில் என் பிள்ளைகளுக்கும் கை பேசினால் புரிந்தது.

பதவி உயர்வில் ஆத்தூர் பக்கம் தலைமை ஆசிரியையாகப் போனீர்கள். உங்கள் ஒன்றாம் வகுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வோம். இங்கே கை காட்டினால் எல்லாரும் சிரிக்கிறார்கள், தறியே பார்க்காத பிள்ளைகள், புதிதாகச் சைகை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பீர்கள். பிறகு ஞாயிறுகள் தவறத் தொடங்கின. தொண்டை உங்களை விட்டுவிட்டது. ரத்தத்தில் வேறொன்று வந்து பிடித்துக்கொண்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது, பாதி நேரம் தூங்கினீர்கள். விழித்த நேரத்தில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அழுகிற பிள்ளை இந்த வருஷம் யார், வாசலில் செருப்பை விடுகிறார்களா என்று கேட்டீர்கள். நேரமாயிற்று என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

"போயிட்டு வாரனுங்க டீச்சர்" என்றேன்.

பக்கத்துப் பக்கத்தில் அத்தனை வருஷம் இருந்தும் நாம் 'வாங்க, போங்க, டீச்சர்' என்பதைத் தாண்டியதில்லை. நீங்கள் என் விரலைப் பிடித்து நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கியது. கட்டில் பக்கம் குனிந்தேன்.

"சுமதி" என்றீர்கள். "பாத்துப் போ கண்ணு."

பஸ்ஸில் சங்ககிரி வரும் வரைக்கும் நான் யாரிடமும் முகத்தைக் காட்டவில்லை.

மறு வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பட்டறையிலிருந்து வந்த அம்மாக்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்று அவசரப்படுத்தினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னல்களைச் சாத்த உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஒரு சிறுமி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறாள். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். பின்னாலேயே அவள் அம்மா மூச்சிரைக்க வருகிறாள்.

"ஏன் சாமி, எதையாச்சும் உட்டுட்டுப் போயிட்டயா?"

"நீங்க என்ற பேரச் சொல்லலீங்க டீச்சர்."

கூட்டத்தில் நழுவிப் போயிருக்கிறாள். குனிந்து, ஈரமாயிருந்த முகத்தைத் துடைத்து, அவள் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம்தான் மழைக்குள் இறங்கிப் போனாள்.